மஸ்டங் ஜிடி-க்கு எந்த ஆக்டேன் பெட்ரோல்: 91-ஆ, 95-ஆ, 100-ஆ?

பவர் அதிகமான வண்டி என்றால் விலை அதிகமான பெட்ரோல்தான் போட வேண்டும் என்று பலரும் யோசிக்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவு எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன்: ஃபோர்டு மஸ்டங் ஜிடி, 5.0 லிட்டர் வி8. ஒரே இன்ஜின் சாதா பெட்ரோலில் எவ்வளவு பவர் தரும், பிரீமியத்தில் (ஆக்டேன் எண் அதிகமான பெட்ரோல், அந்த எண் என்ன என்று கீழே சொல்கிறேன்) எவ்வளவு தரும் என்று தயாரித்த கம்பெனியே இரண்டு எண்களையும் வெளியில் சொல்வது அபூர்வம். ஃபோர்டு சொன்னது. அப்புறம் அதே மஸ்டங் 2016இல் இந்தியாவுக்கும் வந்தது, அதுவும் பவரைக் குறைத்துக்கொண்டு வந்தது. இதைவிட நல்ல கேஸ் நமக்குக் கிடைக்காது.

முதலில் அந்த இரண்டு எண்கள். 2011 மாடல் மஸ்டங் ஜிடி-யில் 'கயோட்டி' என்ற புது வி8 வந்தது. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை நசுங்கும் விகிதம்) 11:1, காற்றைத் திணித்து அடைக்கும் டர்போவும் இல்லை, சூப்பர்சார்ஜரும் இல்லை. பிரீமியத்தில் 412 எச்பி பவர், 390 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). நம் அளவில் 529 நியூட்டன் மீட்டர் வரும். சாதா பெட்ரோலில் 402 எச்பி, 377 பவுண்டு-அடி, அதாவது 511 நியூட்டன் மீட்டர். பவரில் இழப்பது 2.4 சதவீதம், டார்க்கில் 3.3 சதவீதம். ரேஸ் டிராக்கில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஓட்டுகிறவருக்கு இது தெரியும். அண்ணா சாலை சிக்னலில் இருந்து கிளம்புகிறவருக்குத் தெரியவே தெரியாது. அடுத்த தலைமுறை 2015 மஸ்டங் ஜிடி-யின் 435 எச்பி என்ற விளம்பர எண்ணும் பிரீமியத்தில் எடுத்ததுதான், ஆனால் அந்தக் காரின் ஓனர் மேனுவல் சாதாரண உபயோகத்துக்குச் சிபாரிசு செய்வது 87 ஆக்டேன், அமெரிக்க பங்கில் இருப்பதிலேயே மலிவான பெட்ரோல். பிரீமியம் போட்டால் பவர் கூடும், கடுமையான உபயோகத்துக்கு அது நல்லது என்கிறது மேனுவல். போட்டே ஆக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

இந்த 87 என்ற எண்ணைப் பார்த்ததும் இங்கே ஒரு பெரிய குழப்பம் வரும், அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். அமெரிக்காக்காரர்கள் எழுதும் ஆக்டேனும் நாம் எழுதும் ஆக்டேனும் ஒரே அளவுகோல் கிடையாது. நாம் எழுதுவது ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்). அங்கே ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் நம்பர்) என்ற இரண்டு சோதனைகளின் எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுகிறார்கள். எம்.ஓ.என். சோதனை கடுமையானது, அதனால் அந்த எண் குறைவாக வரும், சராசரியும் கீழே இறங்கும். அமெரிக்க 87 என்பது நம் கணக்கில் கிட்டத்தட்ட 91 முதல் 92 ஆர்.ஓ.என்., அவர்களுடைய 93 நம் கணக்கில் 98 வாக்கில். பாரத் ஸ்டேஜ் 6 தரத்தில் நம் சாதா பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்று வைத்திருக்கிறார்கள். ஆக, மேனுவல் போடச் சொல்லும் அமெரிக்க சாதா பெட்ரோலும் நம் பங்கின் சாதா பெட்ரோலும் ஆக்டேனில் ஏறக்குறைய ஒன்றுதான். "அமெரிக்காவிலேயே 93 போடுகிறார்கள், இங்கே வெறும் 91தானா" என்று பதறுவதும், "அங்கே 87 போதும், இங்கே 91 இருக்கிறதே, தாராளம்" என்று நிம்மதியாக இருப்பதும், இரண்டுமே தப்புக் கணக்கு.

ஆக்டேன் எண் என்ன செய்கிறது, என்ன செய்யாது

எண் அதிகமான பெட்ரோலில் சக்தி அதிகம் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் எல்லாத் தப்புக்கும் வேர். ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்லும் எண் அல்ல. அழுத்தமும் சூடும் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்.

சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் தீ வைத்ததும் அந்தத் தீ ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குப் பரவிக்கொண்டு போக வேண்டும். அது போய்ச் சேருவதற்கு முன்னால், ஓரத்தில் நசுங்கிச் சூடாகிக் கிடக்கும் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் டாப் கியரில் மேட்டில் ஏறும்போது 'கிணிங் கிணிங்' என்று கேட்குமே, அதே சத்தம்தான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன், ரிங் எல்லாம் போய்விடும். இப்போதைய இன்ஜின் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காது. பிளாக்கில் இருக்கும் நாக் சென்சார் அதிர்வைப் பிடித்ததும் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஸ்பார்க்கைச் சில டிகிரி தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்டால் நாக்கிங் நின்றுவிடும், ஆனால் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும் சரியான நேரத்தில் கிடைக்க வேண்டிய உச்ச அழுத்தம் தாமதமாகிறது, டார்க் குறைகிறது, மிச்சச் சூடு சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகிறது. மேலே பார்த்த 412-க்கும் 402-க்கும் இடையிலான அந்த 10 எச்பி இப்படித்தான் காணாமல் போனது.

முக்கியமான இடம் இதுதான்: ஸ்பார்க்கைத் தள்ளிப்போட வேண்டிய நிலை எப்போது வருகிறது? ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து, சிலிண்டர் முழுக்கக் காற்று நிரம்பி, இன்ஜின் தன் முழுச் சுமையில் வேலை செய்யும்போது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஆறாவது கியரில் போகும் 5 லிட்டர் இன்ஜின் தன் பலத்தில் சிறு பங்கைத்தான் தொடுகிறது. த்ராட்டில் லேசாகத்தான் திறந்திருக்கும், சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, நாக்கிங் வர வாய்ப்பே இல்லை. அந்த நேரத்தில் டேங்கில் 91 இருந்தாலும் 100 இருந்தாலும் ஈசியூ ஒரே டைமிங்கில்தான் ஓட்டும். ஜிஎஸ்டி ரோட்டில் வாரம் முழுக்க டிராஃபிக்கில் உருளும் மஸ்டங்குக்கு 100 ஆக்டேன் போடுவது அந்தக் காசைக் கரைப்பதுதான், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

நம் வெயிலைக் கணக்கில் எடுக்காமல் இதைப் பேசக் கூடாது. இன்ஜின் இழுக்கும் காற்று சூடாக இருந்தால் நாக்கிங் சீக்கிரம் வரும். கத்திரி வெயிலில், ஏசி போட்டு, நின்று நின்று சூடேறிப்போன பானட்டுடன் போய், திடீரென்று குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் அதுதான் இந்த இன்ஜினுக்கு இருப்பதிலேயே மோசமான நிலை. அங்கே 91-க்கும் 95-க்கும் வித்தியாசம் இருக்கும். மலை ஏறும்போது கூடுதல் ஆக்டேன் வேண்டும் என்று சொல்வார்கள், டர்போ இல்லாத இன்ஜினுக்கு உயரத்தில் நிலைமை தலைகீழ். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே காற்று மெல்லியது, சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அழுத்தம் குறைவு, நாக்கிங்கும் குறைவு. அமெரிக்காவில் ராக்கி மலைப் பக்கத்து மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோலை விற்கிற வழக்கம் வந்ததே இதனால்தான். பவர் எப்படியும் குறையும், அதை எந்த பெட்ரோலும் திருப்பித் தராது.

சோதனைக்கூடத்தில் கிடைத்தது

ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2017இல் இதையே சோதித்தது. பிரீமியம் 'சிபாரிசு' என்று மட்டும் சொல்லப்படும், 'கட்டாயம்' என்று சொல்லப்படாத ஆறு வண்டிகளை எடுத்து, டைனோவில் (பவரை அளக்கும் உருளை மேடை) ஏற்றி, சாதாவிலும் பிரீமியத்திலும் ஓட்டிப் பார்த்தார்கள். சராசரியாக பவர் 1.4 சதவீதம் கூடியது, மைலேஜ் 2.7 சதவீதம் கூடியது. அந்த ஆறில் பவர் அதிகம் கூடியது ஒரு 2017 மஸ்டங்குக்கு, 3.2 சதவீதம். அதாவது ஆறு வருடம் முன்பு ஃபோர்டு தானே சொன்ன 2.4 சதவீதத்துக்கும் வெளியாள் அளந்ததற்கும் பெரிய தூரம் இல்லை. இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆளாளுக்கு "எனக்கு இழுவை ஜாஸ்தியா இருந்தது" என்று சொல்வதுதான் நமக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆதாரம்.

மற்ற வண்டிகளின் எண்களும் கவனிக்க வேண்டியவை. கேடிலாக் எஸ்கலேடுக்கு மைலேஜ் 7.1 சதவீதம் கூடியது, ஆடி ஏ3-க்கோ 1 சதவீதம் குறைந்தது, ஜீப் ரெனகேடுக்கு பவர் 0.3 சதவீதம் குறைந்தது. பிரீமியம் போட்டால் இவ்வளவு கிடைக்கும் என்று எல்லா வண்டிக்கும் பொதுவாக ஒரு எண் இல்லவே இல்லை. ஒவ்வொரு இன்ஜினின் ஈசியூவும் கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ள எவ்வளவு இடம் விட்டு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

இந்தியாவுக்கு வந்த மஸ்டங்

2016 ஜூலையில் டெல்லி ஷோரூம் விலை 65 லட்சத்துக்கு மஸ்டங் ஜிடி இங்கே விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 435 எச்பி, அதை பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) கணக்கில் சொன்னால் 441. இங்கே வந்ததோ 401 பி.எஸ்., 515 நியூட்டன் மீட்டர். நம் பெட்ரோலின் தரத்துக்காகக் குறைத்தார்கள் என்று அப்போது பேச்சு. இன்றுவரை பலர் "நம்ம பெட்ரோல் 40 குதிரையைத் தின்றுவிட்டது" என்கிறார்கள்.

எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. பிரிட்டனில் விற்ற மஸ்டங் ஜிடி-யும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டீயரிங். அதன் பவர் 421 பி.எஸ்., டார்க் 530 நியூட்டன் மீட்டர். அங்கே எல்லா பங்கிலும் 95 கிடைக்கும், 97-உம் பல இடங்களில் உண்டு, ஆக பெட்ரோலைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 20 பி.எஸ். குறைந்திருக்கிறது. ஸ்டீயரிங் தண்டு வலப்பக்கம் வந்ததால் எக்ஸாஸ்ட் பக்கம் செய்த மாற்றங்களில் போனது அது என்று சொல்லப்படுகிறது. மிச்சம் இருக்கும் 20 பி.எஸ். மட்டும்தான் இங்கே உள்ள பெட்ரோல், வெயில், கம்பெனியின் முன்ஜாக்கிரதை எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து விட்டுக்கொடுத்தது என்று நான் கணக்கிடுகிறேன், 5 சதவீதத்துக்கும் கீழே. சாதா பெட்ரோலில் 2 முதல் 3 சதவீதம் போகும் என்ற அமெரிக்க அனுபவத்தோடு, கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளியும் சேர்த்துப் பார்த்தால் இது பொருந்துகிறது.

இதில் இருந்து நேரடியாக ஒன்று தெரிகிறது. இந்திய மஸ்டங்கில் 100 ஆக்டேனை நிரப்பினால் அந்தத் தொலைந்த 40 திரும்ப வந்துவிடாது. பாதி, எக்ஸாஸ்ட் மாதிரி இரும்பு பாகங்களில் போனது, பெட்ரோலால் திரும்பாது. மீதிப் பாதியிலும், ஈசியூவில் எழுதியிருக்கும் டைமிங் எல்லைக்குள்தான் இன்ஜின் முன்னே போகும். அந்த எல்லையைத் தொட்ட பிறகு டேங்கில் 95 இருக்கிறதா 100 இருக்கிறதா என்பது இன்ஜினுக்கு ஒரு பொருட்டே இல்லை.

காசுக் கணக்கு சின்னதுதான். டேங்க் 61 லிட்டர். 95-க்கு லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்தால் ஃபுல் டேங்குக்கு 488 ரூபாய். இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 என்ற பெயரில் 100 ஆக்டேனை 2020 டிசம்பரில் கொண்டுவந்தபோது டெல்லியில் விலை 160 ரூபாய். சாதா 100 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால் ஒரு டேங்குக்கு 3,660 ரூபாய் கூடுதல். 60 சதவீதம் அதிகம் கொடுத்து 3 சதவீதம் வாங்குகிறோம், அதுவும் முழு ஆக்சிலேட்டரில் மட்டும்.

இப்போது கேள்வியே மாறிவிட்டது

2016இல் இந்தக் கேள்வி ஆக்டேனைப் பற்றியது. இன்றைக்கு அது பெரும்பாலும் எத்தனாலைப் பற்றியது, பலர் இதை இன்னும் கவனிக்கவில்லை. நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலப்பு 2025இல் எட்டப்பட்டது. எத்தனாலின் ஆக்டேன் 108 வாக்கில் இருப்பதால் அதைக் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் ஏறும். இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலில் ஆர்.ஓ.என். 95 வருகிறது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. அப்படியென்றால் பக்கத்து பம்ப்பில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்து 95 வாங்குகிறவர் ஆக்டேனில் என்ன லாபம் பார்க்கிறார்? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இன்ஜெக்டர், வால்வு இவற்றில் அழுக்கு சேராமல் தடுக்கும் ரசாயனம் கூடுதலாகச் சேர்த்திருந்தால் அது ஒரு லாபம், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. 2017 வரையிலான கயோட்டி இன்ஜினில் பெட்ரோல் வால்வுக்குப் பின்னால் தெளிக்கப்படுவதால் வால்வு தானாகவே கழுவப்பட்டுவிடும், எனவே அந்த லாபமும் இங்கே சிறியதுதான்.

ஆனால் எத்தனாலில் சக்தி குறைவு, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்கு டியூன் செய்த கார்களில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே சொல்கிறது. ஆக்டேன் கொடுக்கும் 2, 3 சதவீதத்தைவிட இது பெரிய எண். அதோடு ஃபோர்டு இந்தத் தலைமுறை மஸ்டங்குக்கு அனுமதிக்கும் எத்தனால் 15 சதவீதம் வரைதான். இ20 அந்த எல்லையைத் தாண்டுகிறது. உடனே இன்ஜின் கெட்டுவிடாது, பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் ரப்பர் ஹோஸ், சீல் போன்றவற்றைச் சர்வீஸில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அதுவும் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததற்குப் பிறகு மஸ்டங் உதிரிபாகம் தேடுவது எவ்வளவு அலைச்சல் என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கேதான் 100 ஆக்டேனுக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது எத்தனால் கலக்காமல் விற்கப்படுகிறது (வாங்கும் முன் பங்கில் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்). மஸ்டங் மாதிரி வண்டிகள் வாரக்கணக்கில் நிற்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மழைக்காலம் முழுக்க வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் எத்தனால் இல்லாத பெட்ரோலை நிரப்பி நிறுத்துவதற்கு அந்தக் காசைக் கொடுக்கலாம். நான் 100-ஐச் சிபாரிசு செய்வது இதற்காகத்தான், அந்த எண்ணுக்காக அல்ல.

டர்போ வண்டிக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்

மேலே சொன்னதெல்லாம் டர்போ இல்லாத ஒரு பெரிய இன்ஜினுக்கு. டர்போ காற்றைத் திணித்து அடைப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், நாக்கிங்குக்கு வாய்ப்பும் அதிகம். மாஸ்டாவின் 2.5 லிட்டர் டர்போ அமெரிக்காவில் 93-இல் 250 எச்பி, 87-இல் 227 எச்பி என்று கம்பெனியே சொல்லி விற்றது. 9 சதவீதம் போகிறது. ஃபோர்டின் 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் எஃப்-150 வண்டியை ஒரு அமெரிக்க கார் பத்திரிகை 2019இல் ஓட்டிப் பார்த்தபோது, மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 93-இல் 5.3 விநாடியும் 87-இல் 5.9 விநாடியும் ஆனது. இது காலுக்கே தெரியும் வித்தியாசம். 2025இல் இங்கே வந்த கோல்ஃப் ஜிடிஐ, ஆக்டேவியா ஆர்எஸ் இரண்டும் 265 பி.எஸ். தரும் 2 லிட்டர் டர்போக்கள். அவற்றை வைத்திருப்பவர் மஸ்டங் கணக்கைப் பார்த்துவிட்டுச் சாதாவுக்குப் போகக் கூடாது. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளே ஸ்டிக்கரில் குறைந்தபட்ச ஆக்டேன் எழுதியிருக்கும், அதற்குக் கீழே போகவே வேண்டாம்.

சரி, மஸ்டங் ஜிடி-க்குத் திரும்புவோம், என் தீர்ப்பு இப்படி: தினசரி ஓட்டத்துக்குச் சாதா பெட்ரோல் போதும், குற்ற உணர்வே வேண்டாம். வெயிலில் ஹைவேயில் நன்றாக விரட்டப்போகிறீர்கள், டிராக்குக்கு எடுத்துப்போகிறீர்கள் என்றால் அன்றைக்கு 95-க்கு மேலே உள்ளதைப் போடுங்கள், ஆனால் டேங்க் கிட்டத்தட்ட காலியான பிறகு போடுங்கள். பாதி டேங்க் சாதாவில் பாதி டேங்க் 100-ஐ ஊற்றினால் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் ஒன்றுதான், கொடுத்ததோ 100-இன் விலை. போட்ட உடனே மிதித்துப் பார்த்துவிட்டு வித்தியாசமே இல்லை என்று சொல்ல வேண்டாம், ஈசியூ புது பெட்ரோலைக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் ஓட்டம் எடுத்துக்கொள்ளும். பாட்டிலில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அதில் பலவற்றில் மாங்கனீஸ் கலந்திருக்கும், ஸ்பார்க் பிளக்கில் செங்கல் நிறத்தில் படிந்துவிடும்.

2018இல் இருந்து வந்த 460 எச்பி இன்ஜினில் கம்ப்ரெஷன் 12:1 ஆகிவிட்டது. இறக்குமதி வண்டியாக அதை வைத்திருப்பவர் ஆக்டேன் விஷயத்தில் ஒரு படி கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

பழைய மஸ்டங் வாங்கப் பார்ப்பவர்கள் பெட்ரோலைப் பற்றி யோசிக்கும் முன் கேட்க வேண்டியது, முந்தைய ஓனர் ஈசியூவை ரீமேப் செய்தாரா, அதாவது அதன் புரோகிராமை மாற்றி எழுதினாரா என்பது. செய்திருந்தால் ஃபோர்டு மேனுவலில் எழுதியிருக்கும் 87 என்ற எண் அந்த வண்டிக்குப் பொருந்தாது. ரீமேப் எழுதுபவர்கள் பெரும்பாலும் 98, 100 ஆர்.ஓ.என். கிடைக்கும் என்று நம்பித்தான் டைமிங்கை முன்னே தள்ளுகிறார்கள், சிலர் நாக் சென்சார் தலையிடும் அளவையும் தளர்த்திவிடுகிறார்கள். அந்த வண்டியில் சாதா பெட்ரோலை ஊற்றிக் கத்திரி வெயிலில் மிதித்தால் ஈசியூ காப்பாற்றும் என்று நம்ப முடியாது. எந்த ஆக்டேனுக்கு எழுதினார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள், தர முடியவில்லை என்றால் கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றித் தரச் சொல்லிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.